குறுக்கே போன மைக் ஒயர்

பண்ணைக்காட்டு மகாராணியிடம் மைக்செட் சொல்லப் போகிறவர்கள் முதலில் கேட்கும் வார்த்தை ‘ஏலாது’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளைப் பெற்றவர்கள் கொண்டுவந்த சொல். பண்டம் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு இதை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறார்கள். கரண்டு ஒயரையும் மைக் ஒயரையும் சேர்த்துக் கட்டச் சொன்னால் ஏலாது. சீரியல் லைட்டைத் தன் ஆம்பிளிபயர் பிளக்கில் சொருகினால் அதுவும் ஏலாது. நாங்கள் கேலி செய்வோம். அவள் பாட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருப்பாள்.

போன வருடம் ஒரே ஒருமுறை இணங்கிப் போனாள். எங்கள் மலையூர் கூக்காலுக்குச் சாயங்கால பஸ் கேட்டுக் கூட்டம். ஏற்பாட்டைக் கவனித்த சேனாதிபதி, எல்லா ஒயரையும் ஒன்றாகச் சுற்றி, போக்குவரத்து அதிகாரி நடக்கும் சிவப்பு விரிப்புக்கு அடியில் மறைக்கச் சொன்னார். மறைத்தாள். எங்கள் ஊர் வேலம்மா பேச மைக்கைப் பிடித்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். பஸ் இல்லாமல், பிரசவ வலியில் துடித்த மகளைப் பூண்டு லாரியில் ஏற்றிப் போன கதையை அவள் முடிப்பதற்குள், “ஒண்ணும் வெளங்கலம்மா” என்று அதிகாரி எழுந்துவிட்டார். ஊரே மகாராணியைத் திட்டியது. அதிகாரியைத் திட்ட எங்களுக்குப் பயம்.

இந்த வருடமும் அதே பஸ் கேட்டு, அதே அதிகாரியை வைத்துக் கூட்டம். மகாராணி விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். கரண்டு ஒயர் இடப்பக்கச் சுவரோரம் போனது. மைக் ஒயர் வலப்பக்கமாக வந்தது. இரண்டும் சந்தித்தே தீரவேண்டிய ஒரே இடத்தில், கூட்டல் குறி போல நேர் குறுக்காகப் போட்டாள். அப்படிக் கடந்தால் கரண்டு இரைச்சல் மைக்கில் ஏறாதாம். அந்த இடம் அதிகாரியின் நாற்காலிக்கு முன்னால்.

“பெரியவங்க கால் தடுக்கும்மா. வெரசா சேத்துக் கட்டி மறைச்சிரு” என்றார் சேனாதிபதி.

“ஏலாதுங்க. தாண்டி வரச் சொல்லுங்க.”

“அப்ப வேற செட்டு கூப்புட்டுக்கிறோம்.”

“கூப்புடுங்க. அவுக ஏறி வர பஸ் இருக்கான்னு பாத்துக்குங்க.”

அதிகாரி ஒயரைத் தாண்டித்தான் உட்கார்ந்தார். இரைச்சல் துளியும் இல்லாததால் செட்டே ஓடவில்லை என்று நினைத்தோம். வேலம்மா பேசினாள். அவளுக்கு மெல்லிய குரல். ஆனாலும் ஏரிக்கரை வரை ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்தது. பேசி முடித்து மைக்கை அதிகாரி பக்கத்து மேசைமேல் வைத்தாள்.

அதிகாரி சேனாதிபதி பக்கம் சாய்ந்தார். “ஆகட்டும்னு சொல்லி அனுப்பிருங்க. இந்த ரோட்டுக்கு எவன் பஸ் விடுவான்.”

அவர் முணுமுணுத்ததுதான். ஊர் முழுக்கக் கேட்டது.

சேனாதிபதி பதறிப்போய், “ஆப் பண்ணும்மா, ஆப் பண்ணு” என்றார்.

“ஏலாது” என்றாள் மகாராணி. பிறகு வேலம்மாவைப் பார்த்து, “அக்கா, மைக்க எடுங்க. இப்ப அவுகளுக்கு வெளங்கும்” என்றாள்.

வேலம்மா எடுத்தாள். அதிகாரி எழுந்திருக்கவில்லை. வெளியே போவதென்றால் அந்த ஒயரைத் தாண்ட வேண்டும். ஒயருக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.