கழுத்தில் பூசிய காவி

என் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. வலது மணிக்கட்டில் இன்னொன்று. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஊராரிடம் அம்மா அதைத் தேமல் என்று சொல்லி வைத்திருந்தாள். எங்கள் போடியில் ஏலக்காயைக் கந்தகப் புகை போட்டு வெளுக்க வைத்து விற்பார்கள். என் வெளுப்பை மட்டும் மறைக்க வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவனுக்கு என்னைக் கேட்டார்கள். முதலில் படம் அனுப்புங்கள், பிடித்தால் இறங்கி வருகிறோம் என்றார்கள். அம்மா கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கல்லை உரைத்து, பவுடரும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் குழைத்துப் பூசினாள். வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். அச்சாக என் தோல் நிறம். அப்படியே ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படம் வந்தது. பூசிய இடமெல்லாம் கரி அப்பியது போலக் கறுப்பு. சூடு போட்ட மாடு மாதிரி இருந்தேன்.

"என்னத்தக்கா பூசுனிய?" என்றார் ஸ்டுடியோக்காரர். "செவப்பு இந்த பிலிம்ல கறுப்பாத்தான் விழும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி?"

"தோலே அதான்னு நெனச்சேன். சரி, உக்காரச் சொல்லுங்க. எங்கிட்ட வேற பவுடர் இருக்கு. மிச்சத்த நெகட்டிவ்ல பிளேடால சொரண்டி விட்டுர்றேன்."

"வெரசா எடு. நாளைக்கு ஜீப்புல குடுத்துவிடணும்."

"கல்யாணத்தன்னைக்கி யாரு வந்து சொரண்டுவா?" என்றேன்.

"தாலி ஏறட்டும். அப்புறம் அவன் என்ன செய்வான்?"

"தாலியோட திருப்பி அனுப்புவான்."

"வாய மூடுடி."

எங்கள் தெருவிலேயே ஒருத்தி அப்படித் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் தெரியும்.

ஸ்டுடியோக்காரர் பவுடரை அப்பிவிட்டுக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். நான் முந்தானையால் கழுத்தை அழுத்தித் துடைத்தேன், மணிக்கட்டையும் துடைத்தேன். திட்டு தெரியும்படி கழுத்தைத் திருப்பி உட்கார்ந்தேன். அம்மா பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இப்படியே எடுங்கண்ணே. இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

அவர் துணியிலிருந்து தலையை எடுத்து அம்மாவைப் பார்த்தார். வாசலில் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மா கையை எடுத்தாள்.

"எடுத்துத் தொலை" என்றாள்.

அவள் அதை அனுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் நானே போய்ப் படத்தை வாங்கி, மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரே பதிலும் கொண்டு வந்தார். வேண்டாமாம்.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நானே உலை வைத்து, சோறு வடித்து, இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றேன்.