இரண்டு விரல் கண்ணாடி

கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘காது’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மற்ற மெக்கானிக்குகள் பையைத் திறந்து ஸ்பேனரைத் தேடுவதற்குள் இவர் வெறுங்கையோடு லிஃப்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொள்வார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. வெளியே வந்து, “நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இடது பக்கம் ஒரு ரோலர் அழுவுது, போய்ப் பாருங்க” என்பார். போய்ப் பார்த்தால் அழுதுகொண்டுதான் இருக்கும். சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதன் வாயை அடைப்பது. இருபத்தேழு வருஷமாக அதுதான் பிழைப்பு.

அப்படிப்பட்ட ஆள் வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினார். ஓடும்போது உள்ளே எங்கோ ‘டிக் டிக்’. மூன்று ஞாயிற்றுக்கிழமை காரைக் கோழியை உரிப்பதுபோல உரித்துப் போட்டார். கடைசியில் ஏசி காற்று வருகிற ஓட்டைக்குள் ஒரு ஹேர்பின் கிடைத்தது. முன்னால் காரை வைத்திருந்தவர் வீட்டுப் பெண் யாரோ தொலைத்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சண்டையில் ஜெயித்தவர் மாதிரி தெருவில் ஒரு நடை நடந்தார்.

அவருக்கு வாய்த்த வீட்டம்மாவோ லிஃப்டில் ஏறவே மாட்டார். ஒரு மாடியானாலும் ஒன்பது மாடியானாலும் படிதான். “அண்ணி, ரிப்பேர் பண்ணது யாருன்னு தெரிஞ்சதாலதான ஏற மாட்டேங்குறீங்க?” என்று சொந்தக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். விஷயம் அதில்லை. ஆறு வயதில் அந்த அம்மா ஒரு குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டவர். அப்பா ஐஸ் ஃபேக்டரியில் காவலாளி. ஐஸ் துண்டு பொறுக்க உள்ளே போன பிள்ளை, தடிமனான கதவு தானாகச் சாத்திக்கொள்ள, கால் மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டது. ‘காத்து இல்லாம மூச்சு முட்டிப்போச்சு’ என்றுதான் குடும்பத்தில் கதை. அதிலிருந்து மூடின இடம் எதுவும் ஆகாது. காரில் பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார். அந்தக் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டும். வெயில் நாளில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மழை வந்தால் அந்த இரண்டு விரல் வழியாகத் தண்ணீர் அடித்து, தோளும் மடியும் தொப்பலாகிவிடும். அதனால் மழை மாதங்களில் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போவதில்லை.

இந்த வருஷம் அப்படி இருக்க முடியாமல் போனது. ஆறு மணி நேரத் தூரத்தில் வாக்கப்பட்ட மகளுக்கு முதல் பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேதான். டாக்டர் சொன்ன தேதி நட்ட நடு மழைக்காலத்தில் வந்து விழுந்தது. அந்த ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸிலோ தூறல் விழுந்த உடனே எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுவார்கள். ஒரு தடவை அப்படிப் போய், பாதி வழியில் இறங்கி நின்றவர் அந்த அம்மா.

மகள் போன் பண்ணினாள். “அம்மா, நீ வர்றியா இல்லையா? வரலைன்னா இப்பவே சொல்லிடு. நான் மனசைத் தேத்திக்கிறேன்.”

“வர்றேன்டி” என்று சொல்லி போனை வைத்துவிட்டு, வீட்டம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். வானம் கறுத்துக் கிடந்தது. இன்னும் மூன்று வாரம்.

அந்த வாரம்தான் வேலைக்குப் போன ஒரு கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் நம் மெக்கானிக் அதைக் கவனித்தார். சில கார்களில் கதவுக் கண்ணாடிக்கு மேலே நீளமாக, கறுப்பாக, ஒரு பிளாஸ்டிக் பட்டை. வைசர் என்கிறார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாலும் மழை உள்ளே வராமல் குடை பிடிக்கிற சாமான். எத்தனையோ வருஷமாகக் கண்ணில் பட்டதுதான், மண்டையில் ஏறியதில்லை. இப்போது ஒவ்வொரு காராகக் குனிந்து, பட்டைக்கு அடியில் விரலை விட்டு அளந்து பார்த்தார்.

“சார், திருட வந்தா ராத்திரி வாங்க. இப்படிப் பட்டப்பகல்ல வந்தா எனக்குக் கேவலம்” என்றார் வாட்ச்மேன்.

சாயங்காலம் கார் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு விதம் எடுத்துப் போட்டார். ஒன்று கதவுக்கு வெளியே ஒட்டுவது. இன்னொன்று கண்ணாடி ஏறி இறங்குகிற பள்ளத்திலேயே செருகுவது.

“ரெண்டு விரல் எறக்கினாலும் ஒரு சொட்டு உள்ள வராது சார். அடிச்சுச் சொல்றேன்.”

“நிக்கும்போதா, ஓடும்போதா?”

“ரெண்டுக்கும்தான்.”

“மழை பக்கவாட்டுல அடிச்சா?”

“சார், நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?”

“சத்தம் வருமா?”

கடைக்காரர் தூசியே இல்லாத ஒரு சீட் கவரைத் தட்டிவிட்டார். “அது... காருக்குக் கார் மாறும்.”

அந்த ‘அது’வுக்கு அப்புறம் விழுந்த சின்ன இடைவெளியைக் காது பிடித்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் திரும்பினார்.

மச்சினன் வாடகை வேன் ஓட்டுகிறவன். அக்கா வீட்டுக்கு வந்தால் வாயை மூட மாட்டான். அவனைக் கேட்டார்.

“வைசரா மாமா? அறுபதைத் தாண்டட்டும், குடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி ஊஊன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. நான் மாட்டி, பத்தே நாள்ல பிச்சுக் கடாசிட்டேன். நீங்க பத்து நிமிஷம் தாங்க மாட்டீங்க. ஒரு ஹேர்பின்னுக்கு மூணு வாரம் காரைப் பிரிச்ச மகராசன் நீங்க!”

“அப்ப உங்கக்கா எப்படிடா வருவா?”

“ஏசியைப் போட்டுட்டுக் கண்ணாடியை ஏத்துங்க. ஊரே அப்படித்தான போகுது.”

“உங்கக்கா ஊரு இல்லடா மாப்ள.”

சொன்னாரே தவிர, மனசு கேட்கவில்லை. சத்தம் எவ்வளவு வரும், மழை எவ்வளவு நிற்கும், இரண்டையும் தானே பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். பழைய பிளாஸ்டிக் தண்ணீர் கேன் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, இடது பின்கதவின் மேல் டேப் போட்டு ஒட்டினார். சீட்டில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, தோட்டத்து ஹோஸைப் பிடித்தார்.

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். “என்ன அண்ணே, காருக்குப் புருவம் வரையுறீங்களா? ஒரு பக்கம் மட்டும் இருக்கறதால அது என்னைச் சந்தேகமா பாக்குது.”

“பாக்கட்டும் டீச்சர், நல்லதுதான்” என்று தண்ணீரைச் சாய்த்து அடித்தார். இரண்டு விரலுக்குத் தாள் காய்ந்தபடியே இருந்தது. மூன்று விரலுக்கு ஓரத்தில் நனைந்தது. ஆக, மழை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

அப்படியே பெரிய சாலைக்குத் தனியாக ஓட்டிப் போனார். ஐம்பத்தைந்து வரை சத்தமில்லை. அறுபதைத் தொட்டதும் ஆரம்பித்தது. ஊஊ. நிறுத்தி, டேப்பை இறுக்கினார். ஊஊ. தன்னுடைய வாழ்நாளில் இப்படி ஒரு சத்தத்தை அவர் சந்தித்ததில்லை. ரோலர் என்றால் மாற்றலாம், போல்ட் என்றால் முடுக்கலாம். காற்றே கத்தினால் எதைக் கழற்றுவது? வீடு வந்து சேர்வதற்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தது. பட்டையைப் பிய்த்துப் பின்சீட்டில் எறிந்தார்.

மச்சினன் சொன்ன ஏசிதான் வழி என்று முடிவு பண்ணினார். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி பொத்தானைத் திருப்பி, காற்று வருகிற ஓட்டையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டார். வீட்டம்மாவைக் கூப்பிட்டார்.

“உக்காரு. இந்த நூலைப் பாரு. இது ஆடுனா காத்து வருதுன்னு அர்த்தம். காத்து வந்தா மூச்சு முட்டாது. சரியா?”

அந்த அம்மா உட்கார்ந்தார். கண்ணாடி முழுசாக ஏறியது. நூல் குதியாட்டம் போட்டது. அவர் நூலைத்தான் பார்த்தார், கண் இமைக்காமல் பார்த்தார், ஆனாலும் கை தானாகக் கதவுப் பிடியைத் தேடியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கழுத்தெல்லாம் வேர்த்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இவர் பின்னாலேயே போனார். “நூல் ஆடுச்சே?”

“ஆடுச்சு.”

“காத்து வந்துச்சே?”

“வந்துச்சு.”

“பின்ன என்னதான்டி பண்ணுது?”

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. எந்த லிஃப்டையும் இந்தக் கேள்வி கேட்காமல் அவர் தொட்டதில்லை. இருபத்தாறு வருஷமாகக் கூட இருக்கிற மனுஷியை ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“காத்து இல்லாம பயந்தேன்னு அப்பாதான் எல்லார்கிட்டயும் சொன்னார்” என்றார் வீட்டம்மா. “அந்த ரூம்ல காத்துக்கு என்ன பஞ்சம்? பள்ளிக்கூட ஹால் அளவு இருக்கும். வெளிய எந்நேரமும் ஒரே இரைச்சல். ஐஸ் ஒடைக்கிறது, லாரி, ஆளுங்க கத்துறது. அந்தக் கதவு சாத்துன உடனே எல்லாம் கத்திரிச்ச மாதிரி நின்னுபோச்சு. அப்பா வெளிய நின்னு என் பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாராம். எனக்குக் கேக்கல. எல்லாரும் செத்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

இவர் அந்த அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“கார்க் கண்ணாடி கடைசி விரல் ஏறும் பாருங்க, அப்ப அதே மாதிரி ஆயிடுது. காத்தெல்லாம் வருது. சத்தம்தான் அத்துப்போகுது.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க காத்து வருதா, காத்து வருதான்னுதான கேட்டீங்க. வருதுன்னு சொன்னேன்.”

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பின்சீட்டில் எறிந்த பட்டையை எடுத்து, புது டேப் போட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டினார். “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

“மறுபடியுமா?”

“இந்தத் தடவை நூல் கிடையாது. வா.”

பெரிய சாலையில் ஐம்பது, ஐம்பத்தைந்து. அறுபது. ஊஊ. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“எப்படி இருக்கு?”

அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். “யாரோ வெளிய நிக்கிற மாதிரி இருக்கு.”

மறுநாள் கடைக்காரர் இவரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். “இன்னும் கேள்வி மிச்சம் இருக்கா சார்?”

“ஒண்ணே ஒண்ணு. ரெண்டுல எது நல்லா சத்தம் போடும்?”

“அது வந்து சார், ரொம்பல்லாம் வராது...”

“யோவ், வரணும். வர்றதைக் கொடு.”

கடைக்காரர் அவர் முகத்தை ஒரு தடவை, வந்த காரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பள்ளத்தில் செருகுகிற வகையை மெதுவாக முன்னால் தள்ளினார்.

நாலு கதவுக்கும் தன் கையாலேயே மாட்டினார். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே போனது, பட்டையில் இடித்தது, பயந்துகொண்டு கீழே இறங்கிவிட்டது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே கதை. வேறு யாராக இருந்தாலும் கடைக்காரனுடைய ஏழு தலைமுறையை இழுத்திருப்பார்கள். இவர் சிரித்தார். லிஃப்ட் கதவும் இதைத்தானே செய்கிறது? நடுவில் கை இருந்தால் நசுக்காமல் திறந்துகொள்ளும். “அட, நம்ம வீட்டுப் பிள்ளை” என்று கண்ணாடியைச் செல்லமாகத் தட்டிவிட்டு, விட்டு விட்டு அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு நாள் முழுக்க மூடியே வைத்தார். பட்டை படிந்து இடம் கொடுத்தது. அப்புறம் மக்கர் பண்ணவில்லை.

கிளம்புகிற அன்று காலையிலேயே மழை கொட்டியது. மச்சினன் குடையோடு வந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் திணித்தான். பிரித்தால் பஞ்சு. “காதுல வச்சுக்கங்க மாமா. ஆறு மணி நேரம், ஞாபகம் இருக்கட்டும்.”

“போடா” என்று அதைச் சட்டைப்பையில் செருகினார். காதில் வைக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தால் கேட்க வேண்டாமா?

ஊரைத் தாண்டி அறுபதைத் தொட்டதும் ஊஊ ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் பொறுத்தார். இரண்டாம் மணியில் பொட்டு தெறித்தது. மூன்றாம் மணியில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்து போக, இவரும் நாற்பதுக்கு இறங்கினார். சத்தம் நின்றது. வைப்பர் மட்டும் அப்படியும் இப்படியும் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று தோளைத் தளர்த்தினார்.

“என்னங்க?” என்றது பின்சீட்டு.

“லாரி.”

“முந்திப் போங்களேன்.”

கல்யாணமான நாளிலிருந்து ‘மெதுவா, மெதுவா’ என்பதைத் தவிர வண்டியில் வேறு வார்த்தை பேசாத வாய் அது. இவர் எதிரே பார்த்து, ஹாரன் கொடுத்து, லாரியை முந்தினார். அறுபது. ஊஊ. கண்ணாடியில் பார்த்தபோது அந்த அம்மா தலையைக் கதவில் சாய்த்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம், சாலை விட்ட இடத்திலெல்லாம், முள் அறுபதை விட்டு அசையவில்லை.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அம்மா இறங்கியதும் முதலில் தோளைத்தான் தொட்டுப் பார்த்தாள். “இவ்ளோ மழையில வந்திருக்க, ஒரு சொட்டு நனையல?”

“உங்கப்பா காருக்குப் புருவம் வச்சிருக்கார்டி. நாலு பக்கமும்.”

மகள் எட்டிப் பார்த்தாள். அப்பா காரை விட்டு இறங்கி, இரண்டு காதிலும் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா!” என்றார் அவர். அந்தக் குரலுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.