அக்காவின் மாநிலங்கள், எங்கள் கன்டோன்கள்

2009இல் சுவிஸில் பேர்ண் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது என்னிடம் இருந்தது எஃப் விசா. அகதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, இப்போதைக்கு இருந்துகொள் என்பது அதன் பொருள். பேர்ணை நான் தெரிவு செய்யவில்லை. அகதி முகாமில் இருந்தவர்களைக் கன்டோன் எனப்படும் மாகாணங்களுக்குப் பிரித்து அனுப்பியபோது எனக்கு பேர்ண் விழுந்தது. மற்றக் கன்டோன்களுக்குப் போய் வரலாம், குடிபோக முடியாது.

அந்த வருடம் ஒரு கலியாண வீட்டில் அவரைச் சந்தித்தேன். அவருக்கும் எஃப் விசாதான். அவருக்கு விழுந்தது ஷாஃப்ஹவுசன்.

அவர் சமைத்த உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நானும் கெஞ்சிக் கேட்டுத் திங்கட்கிழமையை என் ஓய்வு நாளாக்கிக்கொண்டேன். அவர் தெற்கே வர, நான் கிழக்கே போக, சூரிச்சில் சந்திப்போம். நான் புட்டும் சம்பலும் கொண்டுபோவேன். அவர் முதல்நாள் உணவகத்தில் மிஞ்சிய ரோஸ்டியை, உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடையை, கொண்டுவருவார். ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து ரோஸ்டியைச் சம்பலோடு சாப்பிடுவோம். மழை பெய்தால் ஸ்டேஷனுக்குள்ளேயே அங்குமிங்கும் நடப்போம். அவர் என்னை "நீர்" என்றுதான் அழைப்பார். "நீர் அடுத்த கிழமையும் வருவீர்தானே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வராமல் வேறெங்கே போவேன்?

என் அக்கா அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் இருந்தாள். ஸ்கைப்பில் எங்கள் கதையைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதென்ன நாடடி? ஒரு ஊரை விட்டு மற்ற ஊருக்குப் போய் இருக்கிறதுக்கும் அனுமதி கேக்கோணுமோ? இஞ்ச நினைச்சால் நாளைக்கே மாநிலம் மாறலாம். ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம்."

அக்காவுக்கு அப்போது ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. எந்த மாநிலத்தில் மனிதருக்குச் சுதந்திரம் கூட, எதில் குறைவு என்று வரிசைப்படுத்தும் பட்டியல்களை இணையத்தில் தேடி எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

"நியூ ஹாம்ப்ஷயரில மோட்டச்சைக்கிள் ஓடுறவை ஹெல்மெட் போடத் தேவையில்லையாம்."

"உங்களுக்கு மோட்டச்சைக்கிள் ஓடவே தெரியாதே அக்கா?"

"தெரியாட்டி என்ன? போடத் தேவையில்லை எண்டதுதான் கதை."

அவள் இருந்த மாநிலத்தில் சொந்தக் காருக்குத் தானே பெட்ரோல் அடிக்கக்கூடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிக்காமல் சொன்னது கேக் விஷயத்தை. அக்காவின் ரிச் கேக் அந்தப் பக்கத்துத் தமிழரிடையே பேர் பெற்றது. ஆனால் வீட்டு அடுப்பில் செய்ததை அந்த மாநிலத்தில் விற்க முடியாது. டெக்சாஸில் அதை அனுமதிக்கும் சட்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட வருடமே அத்தானையும் இழுத்துக்கொண்டு அங்கே குடிபெயர்ந்துவிட்டாள். லொறி பிடித்து, சாமான் ஏற்றிப் போனார்கள். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு எரிந்தது. பொறாமை என்றே சொல்லலாம்.

அதற்குள் நானும் பேர்ண் குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஷாஃப்ஹவுசனில் ஒருவரைக் கட்டப்போகிறேன், அங்கே போய் இருக்கலாமா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடிந்துகொள்ளவில்லை. "முதலில் திருமணப் பதிவு, அதன் பிறகு விண்ணப்பம்" என்று மெதுவாக, எனக்கு விளங்கும் ஜெர்மனில், இரண்டு தடவை சொன்னாள்.

பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவருடையது ஊரில், போரில் அழிந்துபோன கச்சேரி என்கிற அரச அலுவலகம் ஒன்றில் இருந்தது. வேறொரு பதிவகத்தில் புதிய பிரதி எடுத்து, மொழிபெயர்த்து, அதைச் சரிபார்த்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பதிவு முடிந்த பிறகும் நான் பேர்ணில், அவர் ஷாஃப்ஹவுசனில். புருஷனும் பெண்சாதியுமாகத் திங்கட்கிழமைகளில் சூரிச்சில் சந்தித்தோம்.

என் விண்ணப்பத்துக்குப் பதில் கடிதம் வந்த காலை அதைப் பிரிக்கப் பயந்து வேலைக்குக் கொண்டுபோனேன். நோயாளிகளின் தட்டுகளில் சூப் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்த இடைவெளியில் பிரித்து வாசித்தேன். கன்டோன் மாற அனுமதி. அவருக்கு அழைத்துச் சொன்னேன்.

"நீர் பிழையா வாசிச்சிருப்பீர். படம் எடுத்து அனுப்பும்."

அனுப்பினேன். பிறகு, "ஓம், சரிதான்" என்று மட்டும் வந்தது. குளிர்பதன அறைக்குள் போய் நின்று அழுதேன்.

ஷாஃப்ஹவுசன் வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள், பிறகு முறையான வதிவிட அனுமதியான பி விசாவும் வந்தது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமைகளுக்காக மனம் ஏங்குகிறது. இப்போது ஓய்வு நாளில் அவர் ஒரு மூலையில் போனைப் பார்க்கிறார், நான் இன்னொரு மூலையில் உடுப்பு மடிக்கிறேன். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஆறு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நாங்கள் வீணாக்கியதில்லை. அதை அவரிடம் சொன்னால், "உமக்கு விசரே? அந்தக் காலம் திரும்பி வரக்கூடாது" என்பார். சொல்லிவிட்டு, "அந்த வாங்கில இருக்கேக்க எத்தினை கதை கதைச்சனாங்கள்" என்று தானே தொடங்குவார்.

நான் ஷாஃப்ஹவுசன் வந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கோடையில் அக்கா எங்களிடம் வந்தாள். அவளை ஊருக்கு வெளியே நடக்கக் கூட்டிப்போனேன். மேய்ச்சல் நிலத்தின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நான் இறங்கியதும் அக்கா வேலியோரமாக நின்றுவிட்டாள்.

"இது ஆரின்ர காணி?"

"மாடு வளர்க்கிற ஒரு கமக்காரன்ர."

"கேட்டனியோ?"

"கேக்கத் தேவையில்லை அக்கா. காடும் மேய்ச்சல் தரையும் ஆரும் நடக்கலாம். அது இஞ்ச சட்டம்."

"எங்கட பக்கம் இப்பிடிப் பிறத்தியார் காணிக்குள்ள கால் வைச்சால் துவக்கோட சுட வந்து நிப்பாங்கள்" என்றபடி தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தாள்.

நடக்க நடக்கத் தன் கதையைச் சொன்னாள். கேக் வியாபாரம் நன்றாகப் போகிறதாம். ஆனால் அவள் வீடு இருக்கும் குடியிருப்பின் சங்கம் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறதாம். புல் உயரம், குப்பைத்தொட்டி வெளியே நின்றது, வாசலில் கேக் என்று ஒரு சிறு பலகை வைத்தது, எல்லாம் குற்றம்.

"அப்ப பட்டியலில எது முதலாவது?" என்று கேட்டேன்.

"இப்ப அதெல்லாம் பாக்கிறேல்ல" என்றாள். "பட்டியல் எழுதினவன் என்ர வாசலுக்கு வந்து பாத்தவனோ?"

காட்டோரம் பிளாக்பெரி பழுத்துக் கிடந்தது. "பிடுங்கலாமோ?" என்று கேட்டாள். பிடுங்கலாம் என்றேன். அப்போதும் ஒருமுறை திரும்பி, யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பழத்தை வாயில் போட்டாள். பிறகு பார்க்கவில்லை. ஏந்திக்கொள்ளச் சேலைத் தலைப்பு இல்லாததால் என் தொப்பியைக் கழற்றி வாங்கி, அது நிறையும்வரை பிடுங்கினாள். அந்தத் தொப்பியின் நீலக்கறை எத்தனை தடவை தோய்த்தும் போகவில்லை.