இருபத்தேழுக்கு எத்தனை மார்க்கு?

மனசு சரியாகிவிட்டதா என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பது என் உத்தியோகம், எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்கிற முதல் வரவேற்பு, "இன்னா, கரண்டு பில்லா?" என்பதுதான்.

ஆந்திராவின் புத்தூரில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அறை. வியாழக்கிழமை மட்டும் திறந்திருக்கும், மற்ற நாளில் நான் வீடு வீடாக அலைவேன். சரளா மேடம் திருப்பதியிலிருந்து வந்து, மனசு நொந்துபோன பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார். பேசியதில் பலன் உண்டா என்று அளப்பது நான். என் கையில் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு படிவம். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை போடலாம், ஆக மொத்தம் இருபத்தேழு. எண் ஏறினால் கஷ்டம் ஏறுகிறது, இறங்கினால் குணமாகிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நாலு படிவம் நிரப்பி நொந்துபோன உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

இந்த வருஷம் பலன் போதவில்லை என்றால் மார்ச்சோடு அறையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரி வரப்போகிறார். மற்றவர்கள் எப்படியோ திருப்பதிக்குப் போய்க்கொள்வார்கள். தேவியால் முடியாது. திருப்பதி ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் பெட்டியோடு நகரிக்குத் திரும்பி வந்தாள். அன்றோடு பேச்சும் நின்றுபோனது. திருப்பதி போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடுவாள். அதனால் அவள் அம்மா ஷேர் ஆட்டோ மாறி மாறிக் கூட்டிவருவாள். இந்த மாடியை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு இடமில்லை.

மூணு கட்டு

புத்தூர் என்றால் எலும்பு முறிவுக் கட்டுதான். வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் மாடியும் அந்த வகைதான் என்று பலருக்கு நினைப்பு. நாராயணவனம் பக்கத்திலிருந்து ஒரு மாமா, பேசாமல் மூலையில் முடங்கிக் கிடக்கும் அக்கா மகனைக் கூட்டிவந்தார். "கை ஒடிஞ்சா மூணு கட்டு. இதுக்கு எத்தினி கட்டு?" என்று கேட்டார்.

கட்டு இல்லை, எட்டுத் தடவையாவது வரணும், மேடம் பேசுவாங்க என்றேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்கும். இரண்டு தடவை சொன்ன பிறகு அவருக்கு விளங்கியது, முகம் மாறிவிட்டது. "வெறும் பேச்சா? அதுக்கா பஸ் புட்ச்சி வந்தோம்? ஊட்ல நாங்க தெனம் காலைல ஏந்து பேசிக்கினுதானே கீறோம், அதுலதானே இவன் இப்டி ஆனான்!"

ஸ்கூலிலும் வாங்காத மார்க்கு

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட சேகருக்கு முதல் தடவை ஒன்பது வந்தது. கொஞ்சம்தான் கஷ்டம். இரண்டு மாதம் கழித்து, படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவரச் சொன்னோம். வந்தது இருபத்தொன்று. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். சேகரோ எதிரில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்.

அவனுடைய நைனா, கையில் கால் கிலோ மைசூர்பாகோடு வாசலில் நிற்கிறார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. சைபர் போடுவதற்கு அவருக்கு மனசு வரவில்லையாம். மகன் சைபர் போட்ட இடத்திலெல்லாம் திருத்திப் போட வைத்திருக்கிறார். குறைந்தால்தான் நல்லது என்று சொன்னேன். மைசூர்பாகை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பத்து வருசம் ஸ்கூலுக்குப் போயி இவன் இவ்ளோ மார்க்கு வாங்குனதில்ல. ஒரு நாளாச்சும் என்னிய சந்தோசமா இருக்க உடு சார்."

தலை வாரியிருக்கிறாரா?

படிவத்தின் பின்பக்கம் நான் பார்த்து எழுத வேண்டியது. அதில் ஒரு கேள்வி: "தலை வாரி, ஒழுங்காக இருக்கிறாரா? ஆம் / இல்லை." இதை எழுதியவர் திருமலைக்கு இருபது மைல் சுற்றளவில் கால் வைத்திருக்க மாட்டார்.

ஆறு மாதம் வெளியே வராமல் கிடந்த கோபி தேறிவிட்டான். வேண்டுதல்படி குடும்பமே மலைக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தது. அஞ்சு தலையும் வழுவழுவென்று சந்தனம் பூசி மின்னுகிறது. தலை வாரியிருக்கிறானா? இல்லை. கம்ப்யூட்டரில் "இல்லை" என்று தட்டியதும் கோபியின் பெயர் சிவப்பாகிவிட்டது: சுய பராமரிப்பில் சரிவு. பக்கத்தில் குறிப்பு எழுத இடமில்லை. அவன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு லட்டைப் பிட்டு என் கையில் வைத்தாள். "சாமிக்கு முடிய குடுத்தாச்சி. உன் கம்ப்யூட்டருக்கு எதக் குடுக்கணும், சொல்லு, அதையும் குடுத்துட்றோம்."

தேவியின் சைபர்கள்

தேவி எட்டு வாரம் வந்தாள். எட்டு வாரமும் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னது அவள் அம்மா. நகரியில் தறி ஓட்டுகிறவள், இரைச்சலில் பேசிப் பழகிய குரல். தூக்கம் வருதா? "வர்து." பசிக்குதா? "நல்லா துன்றா." ஒன்பதாவது கேள்வி, வாழவே பிடிக்காமல் போகிறதா என்பது. அதற்கு என்னை முறைத்தாள். "எழுதிப்புட்டா நாளைக்கு இவள யார் கட்டிக்குவான்? எல்லாத்துக்கும் சைபர் போடு நைனா." தேவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாளில் பார்த்தால் ராயலசீமையிலேயே அவளைப்போல ஆரோக்கியசாலி கிடையாது.

ஒன்பதாவது வாரம் சரளா மேடம் அம்மாவை வெளியே அழைத்துப்போய்ப் பேச்சுக் கொடுத்தார். தேவி என் கையிலிருந்த பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்து எண் போட்டாள். கூட்டினால் பத்தொன்பது. ஒன்பதாவது கேள்விக்கும் சைபர் இல்லை. நான் எழுந்துபோய் மேடத்தைக் கூப்பிட்டேன். அன்றைக்கு மேடம் மற்ற எல்லோரையும் காக்க வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தார். அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். அந்த அம்மாவின் குரல் முதல்முறையாக என் குரல் அளவுக்கு இறங்கியது.

அந்தப் பத்தொன்பதைக் கணக்கில் ஏற்றினால், நன்றாக இருந்த பெண்ணை நாங்கள் கெடுத்ததாக ஆகும். பழைய சைபரை விட்டுவைத்தால் அறை பிழைத்தாலும் பிழைக்கும். அவள் தன் கையால் போட்ட எண், ஏற்றிவிட்டேன்.

அடுத்த வியாழன் அதிகாரி வந்தார். சேகர் ஒன்பதிலிருந்து இருபத்தொன்று, அவன் நைனா மாற்ற விடவில்லை. கோபி சிவப்பு. தேவியின் பெயரில் விரல் நின்றது. "சைபர்லேர்ந்து பத்தொன்பதா? ஏமய்யா, என்ன வைத்தியம் பண்றீங்க?" நான் சொன்ன பதில் வழக்கம்போல மேஜையைத் தாண்டவில்லை. பெஞ்சிலிருந்து வேறொரு குரல் வந்தது. தேவி. "எட்டு வாரம் எங்கம்மா சொன்னாங்க சார். போன வாரந்தான் நான் சொன்னேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் நடத்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு நம்ப முடியவில்லை, மாடிப்படிவரை பின்னாலேயே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளைத் தட்டினார். "எல்லாரும் தேறியிருந்தா, வேலை முடிஞ்சதுன்னு மூடச் சொல்லி ஆர்டர். இங்க எல்லாருக்கும் மோசமாயிருக்கு, எப்படி மூடறது? பாகுந்தி, நல்லாத்தான் இருக்கு, இப்படியே பண்ணுங்க."

ஆகவே எங்கள் மாடிக்கு வருகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தாராளமாகக் குணமாகுங்கள், ஆனால் மார்ச் தாண்டும்வரை வெளியே சொல்லாதீர்கள்.