கடல் இல்லாத நாடு

செங்கல்பட்டில் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் வரைபடத்தில் பிழை பிடிக்கும் வழக்கத்துக்கு மட்டும் ஓய்வு ஆணை வரவில்லை. என் மகள் கணினி விளையாட்டுகளுக்குக் கற்பனை நாடுகளை வரைபவள். மாமல்லபுரம் கடலில் குளிக்கப்போன மருமகன் மூழ்கி இறந்தபின், பல மாதம் கழித்து அன்றுதான் மறுபடி தாளில் ஒரு நாட்டை வரைந்திருந்தாள்.

"இன்னாம்மா, ஆறு பாதியிலயே நிக்குது? கடல் எங்க? என் ஆபீஸா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றேன்.

"இந்த நாட்ல கடலே கெடையாது நைனா. அவரு வூட்டுக்கு வந்துடுவாரு" என்றாள்.

பென்சிலை வாங்கி, ஆறு நின்ற இடத்தில் ஓர் ஏரி வரைந்து, 'முழங்கால் ஆழம்' என்று எழுதினேன்.

அளந்து பார்க்காமல் நான் எழுதிய ஒரே அளவு அதுதான். அதை யார் சொன்னாலும் திருத்த மாட்டேன்.