வசந்தாமணி எடுத்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரி

பொள்ளாச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, டெக்சாஸின் சுகர் லேண்டில் இருந்துகொண்டு, பார்மசி படிக்கலாம் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. பார்மசி கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள். பதில் ஒரே பக்கம். பத்து வருடத்துக்கு முந்தைய அறிவியல் பாடங்கள் செல்லாது. பயாலஜி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் இங்கே மறுபடி படித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

அவள் கணவர் வெள்ளியங்கிரி எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். கடிதத்தைப் படித்துவிட்டு, "படிச்சதையே மறுக்கா படிக்கறதுக்கு என்ன பயம்?" என்றார்.

"உங்களுக்கென்னங்க, சொல்லிப்போட்டீங்க."

பக்கத்திலிருந்த ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். கையைத் தூக்கிக் கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சம். ஆனாலும் இரண்டு வருடத்தில் பயாலஜியும் பிசிக்ஸும் நல்ல மதிப்பெண்ணோடு முடிந்தன. மீதி இருந்தது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இரண்டு பாகம்.

அதை யாரிடம் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள் மானஸா. கோவிலில் பழக்கமான குடும்பத்துப் பெண். அதே கல்லூரியில் படித்துக்கொண்டு மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"ஹால்பர்ன் க்ளாஸ் கிடைச்சா விடாதீங்க, ஆன்ட்டி. ஆல் மல்டிபிள் சாய்ஸ். ஈஸி ஏ."

"இன்னொருத்தர்?"

"டாக்டர் ரீவ்ஸா? நோ வே. பாதி க்ளாஸ் ட்ராப் பண்ணிடுவாங்க."

1997 ஆகஸ்டில் போன் வழியாகப் பதிவு தொடங்கிய காலை, ஏழு மணியிலிருந்து எண்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். லைன் பிஸி. எட்டேகாலுக்கு ஹால்பர்ன் வகுப்பில் இடம் கிடைத்தது. டிசம்பரில் 'ஏ'யும் கிடைத்தது. எந்த வேதிவினைக்கு என்ன விளைபொருள் வரும் என்று மனப்பாடம் செய்திருந்தாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் வந்த அட்டவணையை இரண்டு தடவை பார்த்தாள். இரண்டாம் பாகத்தை ரீவ்ஸ் மட்டும்தான் எடுக்கிறார்.

ரீவ்ஸ் அறுபது வயதை நெருங்கிய அம்மாள். அதட்டமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவருடைய தேர்வில் தேர்ந்தெடுக்க விடைகள் இல்லை, கேள்விக்குக் கீழே வெற்றிடம்தான். வினாத்தாள் விடை என்ன என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டது. எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறதென்று அம்புக்குறி போட்டுக் காட்டச் சொன்னது. வசந்தாமணிக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு எது செய்தாலும் மனம் அந்த எண்ணிலேயே நின்றது. ஒருநாள் ஐம்பத்தொன்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் தான் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டு, மூன்று எக்ஸிட் தாண்டித்தான் உணர்ந்தாள்.

"மார்ச் இருபத்தேழு வரைக்கும் டைம் இருக்கு, ஆன்ட்டி. வித்ட்ரா பண்ணிடுங்க. சி வாங்குறதுக்கு டபிள்யூ பெட்டர்" என்றாள் மானஸா. விலகியதற்கு அடையாளமாக மதிப்பெண் பட்டியலில் விழும் எழுத்து அது.

விலகும் படிவத்தில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ரீவ்ஸின் அறைக்குப் போனாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையெழுத்திட்டு நீட்டினார். சமாதானம் சொல்வார் என்று தான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "காலையில் எட்டு மணிக்கு முதல் பாகம் எடுக்கிறீர்களே. பின்னால் உட்கார்ந்து கேட்கலாமா?"

ரீவ்ஸ் தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்தார். "முதல் பாகத்தில் உங்களுக்கு ஏ."

"ஆமாம். புரியாமல் வாங்கிய ஏ."

"இடம் இருக்கிறது, வாருங்கள்" என்றார் அவர். "படிவம் கையில் இருக்கட்டும். இருபத்தேழு வரை செல்லும்."

எட்டு மணி வகுப்பென்றால் மகள் ப்ரியாவைப் பள்ளியில் விட ஆள் வேண்டும். "நான் விட்டுப்போட்டுப் போறேன். ஆபீஸ்ல கேட்டா கேக்கட்டும்" என்றார் வெள்ளியங்கிரி. எட்டு மணிக்கு முதல் பாகம், பதினொன்றுக்கு இரண்டாம் பாகம் என்று ஐந்து வாரம் ஓடியது. இடையில் நூலகத்தில் உட்கார்ந்து அம்புகளாகப் போட்டுத் தள்ளினாள். இரண்டாவது தேர்வில் அறுபத்து மூன்று. தேறிவிட்டாள் என்றும் சொல்ல முடியாது, தோற்றாள் என்றும் சொல்ல முடியாது.

இருபத்தேழாம் தேதி மதியம் படிவத்தோடு பதிவு அலுவலக வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். விடைத்தாளை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு விழுந்த இடமெல்லாம் ஏன் தப்பு என்று அவளாலேயே சொல்ல முடிந்தது. முன்னாலிருந்தவர் நகர்ந்ததும், "நெக்ஸ்ட்" என்று குரல் வந்தது. வசந்தாமணி வரிசையை விட்டு வெளியே வந்தாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள்.

கடைசித் தேர்வில் எண்பத்தாறு. ஆனாலும் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டபோது சி-தான் வந்தது.

"நான் சொன்னேன்ல, ஆன்ட்டி" என்றாள் மானஸா, வருத்தமாக.

அந்த சி-யோடுதான் பார்மசி கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான்: ஏ-க்கு அடுத்து சி எப்படி? ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்களில் ஒருவர் தாளை நீட்டி ஒரு வினையை எழுதிக்காட்டச் சொன்னார். எழுதினாள். அவர்கள் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

1999 ஏப்ரலில் கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது இடம். மே, ஜூன் முழுக்க போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள். பாதி நேரம் கார்பெட் கழுவித் தருகிறோம் என்பவர்கள்.

ஜூலை ஒன்பதாம் தேதி அழைத்த பெண் அவள் பெயரைச் சொல்லவே திணறினாள். இடம் காலியாகியிருக்கிறது, வருகிறீர்களா என்றாள். வசந்தாமணி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுத்தெழுத்தாகத் தன் பெயரைச் சொல்லி, தனக்குத்தானா என்று உறுதிசெய்துகொண்டாள். போனை வைத்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கின. அங்கே ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான், தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அட்டவணையைப் படித்தபோது அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.