காளியம்மாவின் மஞ்சள் கரிசாலை

மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் காளியம்மாவுக்குப் புல்வெட்டு வேலை. மரத்தடியில் ஒரு பச்சை தெரியக் கூடாது என்பது துரையின் உத்தரவு. 1924இல் அவளுடைய பெண் குழந்தை காய்ச்சலில் போனபோது, ஓடையோரச் சரிவில்தான் புதைத்தார்கள். அதுவும் ரப்பர் நிரைதான், மர வரிசைக்கு நடுவில். பெயர்கூட வைக்காத பிள்ளைக்கு யார் கல் நடுவார்கள்? அவளே ஒரு கல்லைத் தூக்கிப் போய் வைத்தாள். அடைமழையில் அது ஓடைக்குள் உருண்டுவிட்டது. பிள்ளை கிடக்கும் இடமே தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டது.

கால்வாய் ஓரத்தில் முளைத்திருந்த வெள்ளைக் கரிசாலையை, அதான் கரிசலாங்கண்ணியை, பிடுங்கி வந்து அங்கே நட்டாள். அது பிழைத்து, சட்டைப் பொத்தான் மாதிரி பூக்கவும் செய்தது. அடுத்த புல்வெட்டில் விவரம் தெரியாத ஒருத்தி ஒரே கொத்தில் வேரோடு எடுத்துவிட்டாள். அத்தோடு சரி.

பிறகு கோப்பெங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஈயம் தோண்டிவிட்ட குட்டை ஓரச் சேற்றில் மஞ்சள் கரிசாலையைக் கண்டாள். இரண்டுக்கும் ஒரே சொரசொர இலை. அக்கா தங்கை என்றே சொல்லலாம். குணம்தான் வேறு. வெள்ளையது ஒற்றை வேரில் நிற்கும், பிடுங்கினால் போச்சு. மஞ்சளோ தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். கல்யாணச் சேலை முந்தானையிலேயே சேற்றோடு முடிந்துகொண்டாள். மாமியார் வழியெல்லாம் திட்டினாள், திட்டட்டுமே.

சரிவில் நட்டதும் அது படர்ந்து மூக்குத்தி மூக்குத்தியாகப் பூத்தது. கூட வெட்டிய பெண்கள் இப்போது தெரிந்தே விலகிப் போனார்கள். கங்காணி பழனியப்பன் கண்ணுக்குத் தப்புமா?

"காளியம்மா, ஒன் நெறயிலதானே இருக்கு. நீயே வெட்டிரு. நாளைக்குத் தொர வர்றாரு."

"வெட்டிடுறேங்கய்யா."

கெஞ்சுவாள் என்று நினைத்திருந்த பெண்கள் திகைத்தார்கள். தான் வெட்டித் தருவதாக அவர்களில் ஒருத்தி, மங்களம், முன்வந்தாள். காளியம்மா தலையாட்டி மறுத்துவிட்டு மண்வெட்டியை ஓங்கினாள். கண்ணீர் வழிந்தது, கை நிற்கவில்லை. கொடியைக் கணு கணுவாகத் துண்டு போட்டாள். பூவையும் இலையையும் கங்காணி பார்க்கும்படி கூடையில் அள்ளினாள். கணுக்களை மட்டும் ஈரமண்ணுக்குள் குதிகாலால் மிதித்து, மேலே மண்ணை இழுத்துவிட்டாள். வெட்டென்றால் இப்படியல்லவா வெட்ட வேண்டும் என்று கங்காணி மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டார். துரையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பின் நல்ல மழை. அடுத்த முறை அந்த நிரைக்குப் போனபோது சரிவெங்கும் கணுவுக்கு ஒன்றாகத் தளிர் தலைநீட்டியிருந்தது. காளியம்மா மண்வெட்டியை ஓடையில் கழுவிக்கொண்டே மங்களத்திடம் சொன்னாள்:

"இனிமே எத்தன தடவ வேணும்னாலும் வெட்டச் சொல்லட்டும்லா. வெட்டுறேன்."